ரூட்டரில் கிராட்டுயிட்டஸ் ஆர்ப்பை முடக்கினால் பாதுகாப்பு வந்துவிடுமா?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டிருக்கிறார். தணிக்கைக்கு வந்தவர்கள் "எல்லா ரூட்டர்களிலும் கிராட்டுயிட்டஸ் ஆர்ப்பை முடக்கவும்" என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு கருவி யாரும் கேட்காமலே, இந்த ஐபி முகவரி என்னுடையது என்று உள்நெட்வொர்க்குக்கு அறிவிப்பதுதான் அது. அங்கே இரண்டு ரூட்டர்கள் விஆர்ஆர்பி-யில் ஜோடியாக ஓடுகின்றன. ஒன்று விழுந்தால் மற்றொன்று தூக்கிக்கொள்ளும். மேலாளரோ "ஒரு வரி கமாண்டுதானே, போட்டுவிட்டு அந்தப் புள்ளியை மூடுங்கள்" என்கிறார். போடலாமா, போட்டால் எது உடையும் என்று கேட்கிறார் நண்பர்.

ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. ரூட்டர் தானாகக் கிராட்டுயிட்டஸ் ஆர்ப், சுருக்கமாக கார்ப், அனுப்ப வேண்டுமா? மற்றவர்கள் அனுப்பும் கார்ப்பை அது நம்ப வேண்டுமா? இந்த இரண்டையும் நிறுத்திவிட்டால் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒருவன் ஆர்ப்பை ஏமாற்றிப் போக்குவரத்தைத் தன் பக்கம் திருப்புவது நின்றுவிடுமா? தணிக்கையாளர் மனத்தில் இருப்பது மூன்றாவது. அவர் எழுதிக் கொடுத்த வரி பெரும்பாலும் முதலாவதைத்தான் தொடுகிறது. குழப்பமெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது. தீவிலும் பிறைப் பக்கமும் தொழிற்சாலை, ஹோட்டல் நெட்வொர்க்குகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். இதே வரி வெவ்வேறு அறிக்கைகளில் வந்து விழுவதையும் பார்த்திருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிஸ்கோ ரூட்டராக இருந்தால் அந்த வரியைப் போடுவதால் உங்களுக்கு அநேகமாக ஒன்றும் உடையாது, ஒன்றும் பாதுகாப்பாகவும் ஆகாது. காவல் போட வேண்டிய இடம் ரூட்டர் இல்லை, சுவிட்ச்.

ஏன் என்று சொல்ல ஆர்ப்பின் அடிப்படைக்குக் கொஞ்சம் போக வேண்டும். ஆர்ப் 1982 நவம்பரில் ஆர்எஃப்சி 826 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்தது. எழுதியவர் டேவிட் பிளம்மர். ஒரு ஐபி முகவரிக்குரிய மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி, எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை அது. பதில் சொல்பவர் உண்மையில் அந்த முகவரிக்கு உரியவர்தானா என்று சரிபார்க்க அதில் எந்த ஏற்பாடும் கிடையாது. இது பலருக்கும் தெரியும். அதிகம் பேர் கவனிக்காதது, பாக்கெட் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஆவணம் சொல்லும் வரிசை. முதலில் அனுப்பியவரின் ஐபி என் அட்டவணையில் ஏற்கனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் மேக் முகவரியைப் புதியதாக மாற்றிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் இந்தப் பாக்கெட் என் முகவரியைத் தேடி வந்ததா என்ற கேள்வி. ஆமாம் என்றால், இதுவரை பதிவு இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ளலாம். இது கேள்வியா பதிலா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். அதாவது, எந்த ஆர்ப் பாக்கெட்டாக இருந்தாலும், யாருக்கு அனுப்பியதாக இருந்தாலும், ஏற்கனவே உள்ள பதிவை அது மாற்றும். கேட்காமல் வந்ததா, கேட்டு வந்ததா என்ற பேதமே மூல வடிவமைப்பில் இல்லை.

காவலாளி வைத்த குடியிருப்புத் தாமான்களில் வாயிலில் ஒரு பதிவேடு இருக்குமே, எந்த வீட்டுக்கு எந்தக் கார் எண் என்று. யாரோ போன் செய்து "14ஆம் வீடு பேசுகிறேன், கார் மாற்றிவிட்டேன், புது எண் இது" என்றால் காவலாளி அப்படியே அடித்துத் திருத்திவிடுவது போலத்தான் ஆர்ப்.

கார்ப் என்பது தனி வகைப் பாக்கெட் இல்லை. அனுப்புபவரின் ஐபி, தேடப்படும் ஐபி இரண்டிலும் ஒரே முகவரியைப் போட்டு, எல்லோருக்கும் பிராட்காஸ்ட் செய்த சாதாரண ஆர்ப் பாக்கெட்தான் அது. கேள்வி வடிவிலும் வரலாம், பதில் வடிவிலும் வரலாம். 2008 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 5227 இதை ஒழுங்குபடுத்தி, அறிவிப்புக்குக் கேள்வி வடிவத்தையே பரிந்துரைக்கிறது. அதே ஆவணம் இதற்கு முந்தைய கட்டத்தையும் பிரித்துக் காட்டுகிறது. ஒரு கருவி புது முகவரியை எடுக்குமுன், அனுப்புபவர் ஐபி இடத்தில் 0.0.0.0 போட்டு மூன்று முறை விசாரிக்க வேண்டும். யாரும் உரிமை கோரவில்லை என்றால்தான், இது இனி என்னுடையது என்று இரண்டு முறை அறிவிக்க வேண்டும். விசாரிப்பதில் 0.0.0.0 இருப்பதால் யாருடைய அட்டவணையும் கெடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து மொத்தமாக அடைப்பவர்கள், முகவரி மோதலைக் கண்டுபிடிக்கும் வசதியையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறார்கள். பிஎல்சி, அதாவது இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர்கள், நிறைந்த தொழிற்சாலையில் அது சின்ன விஷயம் இல்லை. ஒருவர் மடிக்கணினிக்கு ஏதோ ஒரு நிலையான ஐபியைக் கையால் போட, அது ஓடிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலரின் முகவரியாக இருந்து லைன் நின்றுபோவது தாக்குதலைவிட அடிக்கடி நடப்பது.

சரி, ரூட்டர் ஏன் கார்ப் அனுப்புகிறது? இன்டர்ஃபேஸ் மேலே வரும்போது, முகவரி மாறும்போது, தன் முகவரியை வேறொருவர் எடுத்துக்கொண்டதைப் பார்க்கும்போது, பிறகு விஆர்ஆர்பி-யில் பொறுப்பு கைமாறும்போது. கடைசியாகச் சொன்னதுதான் உங்களுக்கு முக்கியம், அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முறையான விஆர்ஆர்பி-யில் மெய்நிகர் ஐபியோடு மெய்நிகர் மேக் முகவரியும் உண்டு. 00-00-5ஈ-00-01 என்று தொடங்கும், கடைசிப் பகுதி குழு எண். முதல் ரூட்டர் விழுந்து இரண்டாவது எடுத்துக்கொண்டாலும் இந்த மேக் மாறாது. ஆகவே கணினிகளின் ஆர்ப் அட்டவணையில் திருத்த எதுவுமே இல்லை. அங்கே கார்ப் போவது முக்கியமாகச் சுவிட்சுகளுக்காக, அந்த மேக் இனி இந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அவை கற்றுக்கொள்வதற்காக. விஆர்ஆர்பி அறிவிப்புகளும் அதே மெய்நிகர் மேக்கிலிருந்துதான் கிளம்புகின்றன, வழக்கமாக விநாடிக்கு ஒன்று. ஒரு கார்ப் தவறிப்போனாலும் சுவிட்சுகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். இதே வேலைக்கான சிஸ்கோவின் எச்எஸ்ஆர்பி-யும் மெய்நிகர் மேக் வைத்தே இயங்குகிறது.

ஆனால் மெய்நிகர் மேக் இல்லாமல் ஓடும் ஜோடிகளும் உண்டு. லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் கீப்அலைவ்டி அப்படித்தான். தனியாகச் சொல்லாவிட்டால் மெய்நிகர் ஐபியை அந்தந்தப் பெட்டியின் நிஜ மேக்கிலேயே வைக்கும். பொறுப்பு கைமாறும்போது மேக்கும் மாறுகிறது, அதை உலகத்துக்குச் சொல்வது கார்ப் மட்டும்தான். அதனால்தான் அது கைமாறிய உடனே ஐந்து கார்ப்பும் ஐந்து விநாடி கழித்து இன்னும் ஐந்தும் அனுப்புகிறது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் இப்படி ஒரு ஃபயர்வால் ஜோடி இருந்தது. சோதனைக்காக முதல் பெட்டியை அணைத்தோம். அலுவலகக் கணினிகள் ஒரு பிங் தவறியதும் திரும்பி வந்தன. கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை. லேபிள் பிரிண்டர்களும் சில பழைய கன்ட்ரோலர்களும் மட்டும் சர்வரைப் பார்க்க முடியாமல் நின்றன. அவை கார்ப்பைக் கண்டுகொள்ளாத வகை, பழைய மேக்கையே பிடித்துக்கொண்டு இல்லாத பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றாக மின்சாரத்தை அணைத்துப் போட்டதும் சரியாயின. அப்புறம் மெய்நிகர் மேக்கை இயக்கிவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது. கார்ப்பை ஏற்காத நெட்வொர்க் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர்களுக்கு அந்த லேபிள் பிரிண்டர்கள் போதும்.

எவ்வளவு நேரம் இப்படித் தவிக்க வேண்டியிருக்கும் என்பது ஒவ்வொரு கருவியும் பழைய பதிவை எவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. லினக்ஸிலும் இப்போதைய விண்டோஸிலும் ஒரு பதிவு 15 முதல் 45 விநாடிவரைதான் உறுதியானதாகக் கருதப்படும். அப்புறம் சந்தேகத்துக்குள் போய் மறுபடி விசாரிக்கும். ஆகவே இவை தாமாகவே எழுந்துகொள்ளும். சிஸ்கோ ரூட்டரில் இயல்பான காலம் நான்கு மணி நேரம். இன்டர்நெட் இணைப்பின் மறுமுனையில் அப்படி ஒரு ரூட்டர் இருந்து, நீங்கள் உங்கள் ரூட்டரை மாற்றி, புதுப் பெட்டி கார்ப் அனுப்பாமல் இருந்தால், மதியம் மாற்றிய ரூட்டரில் சாயங்காலம்தான் இணைப்பு வரும். "லைன் கோளாறு" என்று சேவை மையத்துக்கு அழைத்து, அவர்கள் சோதித்துக்கொண்டிருக்கும்போதே அது தானாகச் சரியாகிவிடும் அந்த மர்மத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே உள்ளூர் விஷயம் ஒன்று. உங்கள் தொழிற்சாலையின் மாற்று இணைப்பு சாதாரண யூனிஃபை பிராட்பேண்ட் என்றால், அது 500ஆம் விலேனில் (ஒரே கம்பியில் பிரித்து ஓடும் மெய்நிகர் நெட்வொர்க்கில்) பிபிபிஓஇ-யாக, அதாவது ஈதர்நெட் மேல் ஓடும் பிபிபி-யாக, வருகிறது. பிபிபி என்பது இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள நேர் இணைப்பு, அங்கே கேட்வேயை, அதாவது வெளியே போகும் வாசலான ரூட்டரை, தேட ஆர்ப்பே கிடையாது. அந்தப் பக்கம் கார்ப்பை முடக்குவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மெட்ரோ ஈதர்நெட், அல்லது நிலையான ஐபி கொடுத்து ஈதர்நெட்டாக இறக்கும் இணைப்பு என்றால்தான் அந்தப் பக்கத்தில் இந்தக் கேள்வி எழும்.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஸ்டிக் என்ற கடினமாக்கல் வழிகாட்டியில் சிஸ்கோ ரூட்டருக்கு, வெளிப்பக்க இன்டர்ஃபேஸ்களில் கிராட்டுயிட்டஸ் ஆர்ப்பை முடக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. தணிக்கை மென்பொருள்கள் பலவும் அந்த விதிகளை அப்படியே இழுத்துக்கொள்கின்றன, உங்கள் அறிக்கைக்கும் அதுவே மூலமாக இருக்கலாம். "வெளிப்பக்க" என்ற சொல் வழியில் எங்கேயோ உதிர்ந்து "எல்லா ரூட்டர்களிலும்" என்று ஆகிவிடுவது வழக்கம். அங்கே போடச் சொல்லும் கமாண்டு "நோ ஐபி கிராட்டுயிட்டஸ்-ஆர்ப்ஸ்". சிஸ்கோ ஆவணப்படி இது கட்டுப்படுத்துவது என்ன தெரியுமா? பிபிபி வழியாக ஒரு வாடிக்கையாளர் இணைந்து, ரூட்டரின் உள்ளூர்த் தொகுப்பிலிருந்து முகவரி வாங்கும்போது, அந்த முகவரிக்காக ரூட்டர் மற்ற இன்டர்ஃபேஸ்களில் அனுப்பும் கார்ப்பை. டயல்-அப் காலத்துச் சங்கதி. உங்கள் ரூட்டருக்கு அப்படி யாரும் டயல் செய்து வருவதில்லை என்றால் இந்த வரி எதையும் மாற்றாது. மற்றவர் அனுப்பும் பொய்க் கார்ப்பை நம்பாதே என்று இந்த வரி ரூட்டரிடம் சொல்வதில்லை.

ஏற்பதைக் கட்டுப்படுத்த சிஸ்கோவில் வேறு கமாண்டு உண்டு, "ஐபி ஆர்ப் கிராட்டுயிட்டஸ்" என்று தொடங்கும். அதே சப்நெட்டிலிருந்து வருவதை மட்டும் ஏற்கச் சொல்லலாம், அல்லது எதையும் ஏற்காதே எனலாம். எல்லாப் பதிப்புகளிலும் இது இருக்காது, உங்கள் பெட்டியில் கேள்விக்குறி போட்டுப் பாருங்கள். ஜூனிப்பரில் கார்ப் பதில்களைக் கொண்டு அட்டவணையைப் புதுப்பிப்பது இயல்பிலேயே அணைந்திருக்கும், வேண்டும் என்பவர்கள்தான் திறக்க வேண்டும். லினக்ஸில் இயங்கும் ரூட்டர்கள் நடுவழியில் நிற்கின்றன. ஆர்ப்_அக்செப்ட் என்ற அமைப்பு இயல்பாகச் சுழியத்தில் இருக்கும், அப்போது அட்டவணையில் இல்லாத ஒருவரின் கார்ப் வந்தால் புதிதாகச் சேர்க்காது. ஆனால் ஏற்கனவே இருக்கும் முகவரிக்கு வந்தால் அந்த அமைப்பு எப்படி இருந்தாலும் திருத்திக்கொள்ளும். "ஆர்ப்_அக்செப்ட் சுழியமாக இருக்கிறது, ஆகவே நாங்கள் பாதுகாப்பு" என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் படிப்பதில்லை. ஏமாற்ற நினைப்பவன் குறிவைப்பது ஏற்கனவே அட்டவணையில் இருக்கும் முகவரிகளைத்தானே! கார்ப்பை முழுவதுமாக வீழ்த்தும் தனி அமைப்பும் லினக்ஸில் இருக்கிறது, அது இயல்பில் அணைந்திருக்கும்.

சரி, கார்ப்பை எல்லா விதத்திலும் அடைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். தாக்குபவன் நிற்பானா? நிற்க மாட்டான். ஆர்ப்பை ஏமாற்றும் கருவிகள் பொதுவாக எல்லோருக்கும் கத்திச் சொல்வதில்லை, சத்தம் போட்டால் மாட்டிக்கொள்ளும். ஏமாற வேண்டிய ஒரு கணினிக்கு மட்டும் "கேட்வேயின் மேக் இதுதான்" என்று நேராக ஒரு பதில் பாக்கெட்டை அனுப்பும், கேட்வேக்கு "அந்தக் கணினியின் மேக் இதுதான்" என்று இன்னொன்றை அனுப்பும், சில விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப. அந்தப் பாக்கெட்டில் அனுப்புபவர் ஐபியும் பெறுபவர் ஐபியும் வேறு வேறு, இலக்கணப்படி அது கார்ப்பே இல்லை. உங்கள் தடை அதைத் தொடாது. மேலே சொன்ன ஆர்எஃப்சி 826-இன் வரிசைப்படி நடக்கும் கருவி அதை வாங்கித் திருத்திக்கொள்ளும். இன்னொன்று, ரூட்டரில் என்ன செய்தாலும் அது ரூட்டரின் அட்டவணையை மட்டுமே காக்கும். ஒரு கணினியும் இன்னொரு கணினியும் ஒரே விலேனில் பேசிக்கொள்ளும்போது நடுவே ரூட்டர் இல்லவே இல்லை.

ஆபத்து எவ்வளவு பெரியது என்பதையும் அளவோடு பார்க்க வேண்டும். ஆர்ப் ஒரு ரூட்டரைத் தாண்டிப் போகாது. ஆகவே இணையத்தில் எங்கேயோ இருப்பவன் இதைச் செய்ய முடியாது, உங்கள் விலேனுக்குள் ஒரு கால் வைத்தவன்தான் செய்ய முடியும். ஒட்டுக்கேட்டாலும் டிஎல்எஸ் மறையாக்கத்தில் ஓடும் இணையதளம், மின்னஞ்சல் ஆகியவற்றின் உள்ளடக்கத்தை இப்போது படிக்க முடிவதில்லை. அலுவலகப் பக்கத்தில் பெரும்பாலும் இணைப்பைத் துண்டிப்பது, டிஎன்எஸ் பதிலைத் திரிப்பது என்ற அளவில் நிற்கும். ஆனால் உங்களுடையது தொழிற்சாலை. கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ள 502ஆம் போர்ட்டில் ஓடும் மோட்பஸ் டிசிபி-யில் மறையாக்கமும் கிடையாது, யார் என்று கேட்பதும் கிடையாது. நடுவில் நுழைந்தவன் அளவீட்டைப் படிப்பது மட்டுமல்ல, மாற்றியும் அனுப்பலாம். டெல்நெட், பழைய எஃப்டிபி, எஸ்என்எம்பி இரண்டாம் பதிப்பு எல்லாம் இதே கதி. அறிக்கையில் ஒரு வரியாக வந்த இந்த விஷயத்தை அந்த விலேனுக்காக மட்டும் நான் முழுக் கவனத்தோடு எடுத்துக்கொள்வேன்.

அதற்கு வேலை செய்யும் மருந்து சுவிட்சில் இருக்கிறது: டிஎச்சிபி ஸ்னூப்பிங், அதன் மேல் டைனமிக் ஆர்ப் இன்ஸ்பெக்‌ஷன். டிஎச்சிபி என்பது கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் முறை. முதலாவது, எந்தப் போர்ட்டில் எந்த மேக்குக்கு எந்த ஐபி கொடுக்கப்பட்டது என்று சுவிட்சே பட்டியல் வைத்துக்கொள்வது. இரண்டாவது, நம்பிக்கையற்ற போர்ட்டில் வரும் ஒவ்வொரு ஆர்ப்பையும், கார்ப் உட்பட, அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பொருந்தாததை வீழ்த்துவது. பொய் சொல்லும் பாக்கெட் கணினியையும் அடையாது, ரூட்டரையும் அடையாது. கார்ப்பா இல்லையா என்று அது பார்ப்பதில்லை, உண்மையா பொய்யா என்று பார்க்கிறது.

இதை அவசரமாக இயக்கித் தொழிற்சாலையை நிறுத்தியவர்கள் உண்டு, ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஸ்னூப்பிங்கை மட்டும் இயக்கி, எல்லாக் கணினியும் ஒருமுறையாவது முகவரியைப் புதுப்பிக்கும் அளவுக்கு விட்டுவிடுங்கள். பட்டியல் நிரம்பாமல் இன்ஸ்பெக்‌ஷனைப் போட்டால் நியாயமானவர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். அந்தப் பட்டியலை ஃபிளாஷிலோ வெளி சர்வரிலோ சேமிக்கச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சுவிட்ச் ஒருமுறை மின்சாரம் போய் வந்ததும் பட்டியல் காலி. பிஎல்சி, பிரிண்டர், வருகைப் பதிவுக் கருவி என்று நிலையான ஐபி உள்ளவை டிஎச்சிபி-க்கே போவதில்லை, அவற்றுக்குக் கையால் ஆர்ப் அனுமதிப் பட்டியல் எழுத வேண்டும். அலுப்பான வேலை இதுதான், நாள் பிடிக்கும், தவிர்க்கவும் முடியாது. இரண்டு ரூட்டர்களும் இணைந்திருக்கும் போர்ட்டுகளை, காத்திருக்கும் ரூட்டரின் போர்ட்டையும் மறக்காமல், நம்பகமானவை என்று குறியுங்கள். அதை மறந்தால் எல்லாம் நன்றாக ஓடும், முதல் ரூட்டர் விழும் நாள்வரைக்கும்.

சிஸ்கோ சுவிட்சில் நம்பிக்கையற்ற போர்ட்டுக்கு விநாடிக்கு 15 ஆர்ப் என்பது இயல்பான வரம்பு. தாண்டினால் போர்ட்டையே மூடிவிடும். ஒரு போர்ட்டுக்குப் பின்னால் பல மெய்நிகர்க் கணினிகள் இருந்தாலோ, யாராவது நெட்வொர்க்கை ஸ்கேன் செய்தாலோ இந்த வரம்பு சுலபமாகத் தாண்டிப்போகும், அளவைப் பார்த்து உயர்த்திக்கொள்ளுங்கள். ஐபி முகவரியையும் சரிபார் என்ற கூடுதல் சோதனையை இயக்கினால் 0.0.0.0-வை அது தவறான முகவரி என்று வீழ்த்தும், நான் மேலே சொன்ன முகவரி மோதல் விசாரணை அங்கேயே செத்துப்போகும். சுழியத்தை அனுமதி என்று தனியாகச் சொல்லும் வழி இருக்கிறது, அதைச் சேர்த்துப் போடுங்கள். கொம்தார் பக்கக் கடையில் வாங்கி மேசைக்கு அடியில் சொருகிய ஐந்து போர்ட் சுவிட்ச் எங்கெங்கே இருக்கிறது என்றும் தேடிப் பாருங்கள். அதன் பின்னால் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று ஏமாற்றுவதை உங்கள் பெரிய சுவிட்ச் பார்க்கவே பார்க்காது. எல்லாத் தொழிற்சாலையிலும் அப்படி ஒன்றாவது இருக்கும், அதற்கு மேல் ஒரு தூசிப் படலமும் இருக்கும்.

சுவிட்சுகள் இதையெல்லாம் செய்யாத மலிவு வகை என்றால், போர்ட் தனிமைப்படுத்தல் வசதி இருக்கிறதா பாருங்கள், பிஎல்சி-களைத் தனி விலேனில் ஒதுக்குங்கள், கேட்வேக்கும் முக்கியமான கன்ட்ரோலர்களுக்கும் இரு பக்கமும் நிலையான ஆர்ப் பதிவு போடுங்கள். விஆர்ஆர்பி-யில் மெய்நிகர் மேக் இருந்தால் நிலையான பதிவு போட்டாலும் ரூட்டர் கைமாறும்போது உடையாது. நம் ஊர்ச் சின்ன அலுவலகங்களில் மைக்ரோடிக் ரூட்டர்கள் அதிகம். அதில் இன்டர்ஃபேஸின் ஆர்ப் முறையைப் பதில் மட்டும் என்று வைத்து, டிஎச்சிபி சர்வரே ஆர்ப் பதிவைச் சேர்க்கும்படி செய்யலாம். நல்ல வழிதான், ஆனால் காப்பது ரூட்டரின் அட்டவணையை மட்டும். கணினிகளின் பக்கம் திறந்தே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கூடவே ஆர்ப்வாட்ச் மாதிரி ஒன்றை ஒரு பழைய கணினியில் ஓடவிடுங்கள். ஒரு ஐபி இரண்டு மேக்குகளுக்கு நடுவே மாறி மாறித் தாவினால் மின்னஞ்சல் அனுப்பும். தாக்குதலோ, மடிக்கணினிக்காரரின் கைவண்ணமோ, எதுவானாலும் உடனே தெரியும்.

சோதிக்கும்போது இரண்டு விஷயம். ரூட்டர் கைமாறும் சோதனையைச் சீனப் புத்தாண்டு, ஹரி ராயா மாதிரி லைன் நிற்கும் நாளில் செய்யுங்கள், ஒவ்வொரு விலேனிலிருந்தும் பிங் ஓடவிட்டு, வயர்ஷார்க்கில் கார்ப்பை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கணினிகளை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள், பழைய கருவிகளிடம் போய்ப் பாருங்கள். அப்புறம், ஏமாற்றும் கருவியை ஓட்டிச் சோதிக்க ஆசை வந்தால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மற்றவர் தகவல்தொடர்பை இடைமறிப்பது மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவில் குற்றம், 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது. "சும்மா பார்த்தேன்" என்பது அங்கே செல்லாது.

ஐபிவி6 ஓடுகிறதா என்றும் பாருங்கள். அங்கே ஆர்ப் இல்லை, ஆனால் கேட்காமல் வரும் அண்டை அறிவிப்பு என்ற அதே பண்டம் ஆர்எஃப்சி 4861-இல் இருக்கிறது, அதே பலவீனத்தோடு. ஆர்ப்பை மட்டும் பூட்டிவிட்டு அதைக் கவனிக்காமல் விட்ட இடங்கள் நிறைய.

தணிக்கையாளருக்கு எழுதும் பதிலில் மூன்று விஷயத்தைப் பிரித்துச் சொல்லுங்கள். கேட்ட வரி ரூட்டரில் போடப்பட்டது. உள்பக்கத்தில் விஆர்ஆர்பி-க்காகக் கார்ப் தேவை, ஆகவே அது நிறுத்தப்படவில்லை. ஆர்ப் ஏமாற்றுக்கு எதிராகச் சுவிட்சில் இன்ஸ்பெக்‌ஷன் இந்தத் தேதிக்குள் இந்த விலேன்களில் வரும். மாற்றுக் கட்டுப்பாடு என்று அவர்கள் மொழியில் இதற்கு இடம் உண்டு, காரணத்தோடு எழுதினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ரூட்டர், சுவிட்ச் இரண்டின் மாடலும் மென்பொருள் பதிப்பும் நீங்கள் கேள்வியில் கொடுக்கவில்லை, மெய்நிகர் மேக் இயங்குகிறதா என்றும் சொல்லவில்லை. அந்த மூன்றையும் எழுதுங்கள், உங்கள் பெட்டிகளில் எந்த வரியை எந்த வரிசையில் போட வேண்டும் என்று சொல்கிறேன்.